கைநாட்டும் கையெழுத்தும்: ‘எரியும் பனிக்காடு’ நாவல் பற்றிய ஓர் இறையியல் திறனாய்வு

1. முன்னுரை

இலக்கியத் திறனாய்வுக்கும் இறையியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் நம்மிடையே இன்றும் உண்டு. நாவல்கள் ஓய்வு நேரத்திற்கு உரியவை, திருமறையே படிப்புக்கு உரியது என்பது அவர்தம் எண்ணம். ஆனால் திருமறையின் பெரும்பகுதி கதைகளாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எகிப்தில் செங்கல் அறுத்த மக்களின் கதையை நாம் மறந்திருந்தால், அடிமைத்தன வீட்டிலிருந்து மக்களைப் புறப்படப்பண்ணிய கடவுள் எத்தகையவர் என்பதையும் அறியாமற்போயிருப்போம். ஒரு மக்கட்கூட்டம் பட்ட பாட்டை உண்மையோடு எடுத்துரைக்கும் கதை எதுவாயினும் அதற்குச் செவிசாய்க்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

இந்த எண்ணத்துடனேயே டாக்டர் பி. எச். டேனியல் எழுதிய நாவலை ஈண்டு ஆராய முற்படுகிறோம். ‘ரெட் டீ’ என்னும் பெயரில் 1969இல் ஆங்கிலத்தில் வெளிவந்த இந்நூலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். தமிழ் நூல் 2007இல் வெளியாயிற்று. நூலாசிரியர் ஒரு கிறிஸ்தவ மருத்துவர். கதையின் மாந்தர் நெல்லைச் சீமையிலிருந்து ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற தாழ்த்தப்பட்ட மக்கள். நம் சபைகள் தழைத்த அதே மண்ணிலிருந்து புறப்பட்டவர்கள் அவர்கள். ஆகவே இந்நாவல் நமக்கு அயலார் வீட்டுச் செய்தி அன்று.

2. நாவலும் அதன் பின்னணியும்

டேனியல் 1941 முதல் 1965 வரை ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றினார். தோட்ட ஊழியர்களுக்குச் சங்கம் அமைத்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர். முதிய தொழிலாளர் தம் இளமைக் காலத்துத் துன்பங்களைச் சொல்ல அவர் கேட்டவையே நாவலுக்கு அடித்தளமாயின. எனவே இது கற்பனையாயினும் சாட்சிகளின் வாய்மொழி மீது கட்டப்பட்ட கற்பனை எனலாம்.

கதை 1920களின் நடுப்பகுதியில் தொடங்குகிறது. மயிலோடை என்னும் சிற்றூரில் கருப்பன், வள்ளி என்னும் இளந்தம்பதியர் வறட்சியிலும் பசியிலும் உழல்கின்றனர். சங்கரபாண்டியன் என்னும் மேஸ்திரி வருகிறான். தேயிலைத் தோட்டத்தில் வேலை உண்டு, வீடு உண்டு, கூலி உண்டு, சில காலத்தில் பணத்தோடு ஊர் திரும்பலாம் என்று ஆசை காட்டி முன்பணம் கொடுக்கிறான். அம்முன்பணமே தூண்டிலின் இரை. இரயிலேறியும் நடந்தும் மலைக்குச் சென்ற பின்னர் அவர்கள் காண்பது வேறோர் உலகம். ஓயாத மழை, குளிர், அட்டைக்கடி, மலேரியா, ஓர் அறையிலே பலரை அடைக்கும் வரிசை வீடுகள், பொழுது புலருமுன் ஆளெண்ணிக்கை, அடி, வசை. ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கும் நாளில் முன்பணம், அரிசி, கம்பளி எனக் கழிக்க வேண்டியவற்றையெல்லாம் கழித்த பின்பு கையில் மிஞ்சுவது பெரும்பாலும் கடனே. கடன் தீராமல் ஊர் திரும்பக்கூடாது. தப்பியோடுவோர் பிடிக்கப்படுவர்.

இது ஒரு தோட்டத்தின் கொடுமை மட்டுமன்று, ஒரு முறைமை. வேலை ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கித் தண்டிக்க வழி செய்த சட்டம் 1859இல் பிரிட்டிஷ் இந்தியாவில் இயற்றப்பட்டது. முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டால் அது குற்றவியல் வழக்காயிற்று. வாக்களித்த கூலியை முதலாளி கொடாவிடில் அதற்கு ஈடான தண்டனை இல்லை. இச்சட்டத்தை நீக்கும் சட்டம் 1925இல் இயற்றப்பட்டது. ஆனால் ஏட்டில் நீக்கப்பட்ட கட்டு மலையில் நீங்கவில்லை என்பதையே டேனியலின் நாவல் காட்டுகிறது. இலங்கையிலும் இதே கதைதான். அங்கே கங்காணியின் கீழிருந்த தொழிலாளரின் கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு இருந்தது. அக்கடனைச் செலுத்தும் தோட்டம் ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். மனிதரின் கடன் கைமாறும்போது மனிதரும் கைமாறினர். 1921இல்தான் இம்முறை சட்டத்தால் தடுக்கப்பட்டது.

3. பங்கு போடப்பட்ட பேராசை

இந்நாவலின் தலையாய சிறப்பு யாது? கொடுமையைக் காட்டும் நூல்கள் பல உண்டு. கொடுமை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் காட்டும் நூல்கள் சிலவே. ‘எரியும் பனிக்காடு’ இரண்டாம் வகையைச் சார்ந்தது.

பேராசை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது பணமூட்டையை அணைத்துக்கொண்டிருக்கும் தனியொரு கஞ்சனின் உருவம். நம் பிரசங்கங்களும் பெரும்பாலும் அவனையே சாடுகின்றன. டேனியல் காட்டும் பேராசை அத்தகையதன்று. அது பங்கு போடப்பட்டது. கடல் கடந்த நாட்டில் ஆதாயம் பெறும் பங்குதாரர், உற்பத்தியைப் பெருக்கிக் காட்டவேண்டிய துரை, துரையின் தயவில் வாழும் எழுத்தர், கண்காணிப்போர், ஆளுக்கு இவ்வளவு என்று தரகு பெறும் மேஸ்திரி, மருந்தும் அறிவுமின்றி மருத்துவம் பார்ப்பவன் என எல்லோருக்கும் ஒவ்வொரு பங்கு. ஒவ்வொருவரும் ‘நான் என் வேலையைச் செய்தேன்’ என்று சொல்ல இடமுண்டு. தேயிலையை அருந்துபவரோ தாம் இச்சங்கிலியில் ஒரு கண்ணி என்பதையே அறியார். பாவம் முழுவதும் அங்கே இருக்கிறது. ஆனால் பாவி யார் என்று தேடினால் ஒருவரும் அகப்படுவதில்லை. பாவத்தைத் தனிமனித ஒழுக்கக்கேடாக மட்டும் கண்டு பழகிய நமக்கு இந்நாவல் தரும் முதற்பாடம் இதுவே.

இச்சங்கிலியில் மிகுதியாகச் சிந்திக்கத்தக்கவன் மேஸ்திரி. துரை அயலான், அவனுடைய கொடுமைக்கு இனவெறி ஒரு விளக்கம் ஆகலாம். மேஸ்திரியோ இம்மக்களின் மொழியைப் பேசுபவன், இவர்களுடைய ஊர்களை அறிந்தவன், பசி என்னவென்று கண்டவன். அந்த அறிவே அவனுக்கு முதலாகிறது. எந்த ஊரில் மழை பொய்த்தது, எந்த வீட்டில் உலை ஏறவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அன்பு காட்டுவதற்கு வேண்டிய அறிவு அவ்வளவும் அவனிடம் உண்டு. அதை அவன் ஆள்பிடிக்கப் பயன்படுத்துகிறான். பேராசை கேட்கும் விலை இதுவே என்று நாம் கருதுகிறோம். அது சுரண்டப்படுவோரின் உடலை வாங்கிக்கொள்கிறது; சுரண்டுவோரிடமோ, அயலானை அயலானாகக் காணும் கண்ணை வாங்கிக்கொள்கிறது. பசித்தவனைக் கண்டால் இரக்கம் பிறக்க வேண்டிய இடத்தில் தரகுக் கணக்குப் பிறக்கிறது. கொலோசெயர் நிருபம் பொருளாசையை விக்கிரக வழிபாட்டோடு ஒப்பிட்டுரைப்பதன் (3:5) பொருள் இங்கே விளங்குகிறது. விக்கிரகங்களைப் பண்ணுவோர் அவற்றைப் போலவே காணாதவரும் கேளாதவருமாவர் என்பது சங்கீதக்காரனின் கண்டுபிடிப்பு (115ஆம் சங்கீதம்). மேஸ்திரியும் அவ்வாறே ஆகிவிடுகிறான்.

திருமறையில் மேஸ்திரிக்கு ஒப்பானவன் உண்டா என்று தேடினால் சகேயு நினைவுக்கு வருகிறான். அவனும் அயல் ஆட்சிக்கும் தன் மக்களுக்கும் இடையே நின்று இருபுறமும் ஆதாயம் கண்டவன். அவனுடைய மனந்திரும்புதலை நாம் பிரசங்கிக்கும்போது அவன் மரமேறியதை விரித்துரைக்கிறோம். கணக்கேட்டைத் திறந்ததைச் சுருக்கிவிடுகிறோம். லூக்கா அவ்வாறு செய்யவில்லை. அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை திருப்பிக் கொடுப்பதாக அவன் அறிவித்த பின்னரே அவ்வீட்டிற்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு கூறுகிறார் (19:8-9). கணக்கைத் தொடாத மனந்திரும்புதலை நற்செய்தி அறியாது.

4. வள்ளியும் மருதியும் ரூத்தும்

தோட்டத்திற்குச் செல்லும் பெண்ணின் நிலை ஆணின் நிலையைவிடக் கொடிது. உழைப்போடு அவளுடைய உடலும் அதிகாரத்திலுள்ளோரின் உரிமைப்பொருளாகக் கருதப்பட்டது. மறுத்தால் வேலையில் பழிவாங்கல், இணங்கினால் இழிவு, முறையிடுவதற்கோ ஒருவரும் இல்லை. வள்ளியையும் அவளைச் சூழ்ந்த பெண்களையும் பற்றிய பகுதிகளில் டேனியல் கிளர்ச்சியூட்டும் வருணனையைத் தவிர்த்து, ஒரு மருத்துவரின் நிதானத்தோடு எழுதியிருப்பது பாராட்டத்தக்கது.

இவ்விடத்தில் அவருக்கு முன்னோடியாகப் புதுமைப்பித்தனை நினைவுகூர்தல் வேண்டும். 1930களில் அவர் எழுதிய ‘துன்பக்கேணி’ என்னும் நெடுங்கதையில், நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் போகும் மருதி அங்கே உழைப்பாலும் உடலாலும் சூறையாடப்பட்டு நோயுறுகிறாள். புதுமைப்பித்தன் சினத்தோடும் கசப்பு நிறைந்த எள்ளலோடும் எழுதினார். டேனியல் பொறுமையோடு எழுதினார். முன்னவர் ஒரு பெண்ணின் சீரழிவைக் காட்டினார். பின்னவர் அச்சீரழிவை விளைவிக்கும் இயந்திரத்தைக் கழற்றிக் காட்டினார். இவ்விருவரையும் சேர்த்துப் படிக்கும் மாணவர் நெல்லைச் சீமையின் வரலாற்றில் நம் சபை வரலாறுகள் சொல்லாத ஒரு பகுதியை அறிந்துகொள்வர்.

இவர்களோடு ரூத்தையும் நிறுத்திப் பார்ப்போம். ரூத் பஞ்சத்தின் பின்விளைவால் அயல்நாடு வந்த பெண், வயல் வேலைக்குப் போகிறவள், காப்பாற்ற ஆணற்றவள். போவாஸ் அவளிடம் முதலாவது கூறுவனவற்றுள் ஒன்று, வேலைக்காரர் அவளைத் தொடாதபடி கட்டளையிட்டிருப்பதாகும் (ரூத் 2:9). அறுவடைக் களத்தில் அயல்நாட்டுப் பெண்ணுக்கு எத்தகைய ஆபத்து உண்டென்பதை அவ்வொரு வாக்கியமே புலப்படுத்துகிறது. இக்கதையை இனிய காதற்கதையாகவும் நற்குண மருமகளுக்குக் கிடைத்த பரிசாகவும் மட்டும் நாம் போதித்து வந்திருக்கிறோம். வள்ளியையும் மருதியையும் படித்தபின் அவ்வாறு போதித்தல் இயலாது. போவாஸ் இல்லாத வயல்களே உலகில் மிகுதி. கதிர் பொறுக்கும் உரிமையோ போவாசின் தயவால் வந்ததன்று, ஏழைக்கும் பரதேசிக்கும் நியாயப்பிரமாணம் வழங்கியது (லேவி. 19:9-10). நல்லவர் ஒருவர் வருவாரென்று காத்திருத்தல் வேறு. நன்மையைச் சட்டமாக்குதல் வேறு.

5. நாவலின் குறைபாடுகள்

மேற்கண்ட வேறுபாடே நாவலின் குறையையும் நமக்குக் காட்டுகிறது. கதையின் பிற்பகுதியில் டாக்டர் ஆபிரகாம் என்னும் நல்ல மருத்துவர் தோட்டத்திற்கு வருகிறார். தொழிலாளரை மனிதராக நடத்துகிறார். உண்மையான மருத்துவம் அளிக்கிறார். அவர் வருகையால் இருளில் ஓர் ஒளி பிறக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் வந்தபின் கதையின் பார்வை தொழிலாளரிடமிருந்து மருத்துவரிடம் நகர்ந்துவிடுகிறது. மக்கள் தாமே ஒன்றுகூடிப் பேசுவதும் எதிர்ப்பதும் குறைவாகவே இடம்பெறுகின்றன. தோட்டங்களில் சங்கம் வலுப்பெறுவதற்கு முற்பட்ட காலம் என்று இதற்கு விடை கூறலாம். அவ்விடையில் உண்மை உண்டு. எனினும் ஊமையாயிருந்த மக்களுக்கும் பாட்டு உண்டு, பழமொழி உண்டு, துரைக்குத் தெரியாமல் வைத்த பட்டப்பெயர் உண்டு. இவற்றை இன்னும் அதிகமாகக் கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

மாந்தரின் அகவுலகமும் போதிய ஆழம் பெறவில்லை. கருப்பனும் வள்ளியும் ஒரு வகுப்பாரின் மாதிரிகளாக நிற்கின்றனரேயன்றித் தமக்கேயுரிய வியப்புகளோடு வாழவில்லை. மருத்துவர் நோய்க்குறிகளை எழுதுவதுபோல் ஆசிரியர் துன்பங்களை வரிசைப்படுத்துகிறார். இது நாவற்கலை நோக்கில் குறையாயினும் சாட்சியம் என்னும் நோக்கில் வலிமையாகிறது. மிகைப்படுத்தினார் என்று ஒருவரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

மூன்றாவது குறை நூலைச் சார்ந்ததன்று, நம்மைச் சார்ந்தது. தமிழ்த் தொழிலாளர் தமிழில் சொன்னவை ஆங்கிலத்தில் நூலாகி, 38 ஆண்டுகள் கழித்தே தமிழுக்குத் திரும்பின. சொன்னவர்களில் பெரும்பாலோர் அந்நூலைப் படித்தறியாமலே மாண்டிருப்பர். ஆங்கிலம் கற்ற நாமோ படிக்க இயன்றும் படிக்கவில்லை. விடுதலை இறையியல் பற்றித் தென் அமெரிக்க அறிஞர் எழுதியவற்றை ஆர்வத்தோடு கற்ற ஆண்டுகளில், நம் ஊர் மருத்துவர் நம் ஊர் மக்களைப் பற்றி எழுதிய நூல் நம் பாடத்திட்டங்களில் இடம்பெறவில்லை. முருகவேளின் மொழியாக்கம் இக்கடனைத் தீர்க்க ஒரு வாய்ப்பு அளித்தது.

6. இரு மருத்துவர்கள்

இந்நாவலைத் தழுவி இயக்குநர் பாலா ‘பரதேசி’ என்னும் திரைப்படத்தை 2013இல் வெளியிட்டார். உரையாடலை நாஞ்சில் நாடன் எழுதினார். நூலைப் படிக்காத பல்லாயிரவரிடம் தோட்டத் தொழிலாளரின் துயரைக் கொண்டு சேர்த்தது அப்படமே. ஆனால் ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது. நாவலில் மனிதநேயமுள்ள மருத்துவர் இருந்த இடத்தில், படத்தில் நோயாளிகளைக் காட்டிலும் ஆடலும் பாடலுமாக மதம் மாற்றுவதிலேயே கருத்தாயிருக்கும் ஒரு கிறிஸ்தவ மருத்துவர் தோன்றுகிறார்.

கிறிஸ்தவர் பலர் இதனால் மனம் புண்பட்டனர். அவர்தம் மனக்குறையில் நியாயம் உண்டு. தொழிலாளருக்காக வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிவைத்தவர் ஒரு கிறிஸ்தவ மருத்துவர். அவர் இல்லாவிடில் நாவலும் இல்லை, படமும் இல்லை. அவருடைய கதையை எடுத்துக்கொண்டு, அவரைப் போன்றவரையே கேலிப்பொருளாக்கியது திறனாய்வு நோக்கில் நேர்மைக் குறைவு. ஆசிரியர் தம் கதைக்குள்ளேயே பரதேசியாக்கப்பட்டார்.

இதைச் சொன்னபின் நாம் நிறுத்திவிடலாகாது. நம் வரலாறு திரைப்பட மருத்துவரை அறியாததா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இலங்கை மலையகத்தில் தமிழ்த் தொழிலாளரிடையே நற்செய்திப் பணி செய்ய 1854இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோற்றுவிக்கப்பட்டது. காப்பித் தோட்டத்துரைமார் அதற்குப் பொருளுதவி செய்தனர். நெல்லைத் திருச்சபையிலிருந்து உபதேசியார்கள் அங்கே சென்றனர். தொலைவிலும் நோயிலும் அவர்கள் ஆற்றிய பணியை நாம் குறைத்து மதிக்கவில்லை. எழுத்தறிவும் ஆறுதலும் அவர்களால் பலருக்குக் கிட்டின. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. துரையின் பணத்தில் வாழும் உபதேசியார் துரையின் கணக்கேட்டைப் பற்றிப் பிரசங்கிக்க இயலுமா? யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை வரிசை வீடுகளின் முற்றத்தில் வாசித்து, அறுவடை செய்தவருக்குப் பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று விளக்க இயலுமா? பணியின் பெயரிலேயே ‘கூலி’ என்னும் சொல் தயக்கமின்றி நின்றது என்பதும் சிந்திக்கத்தக்கது.

மாறாகச் சாட்சி கொடுத்தோரும் உண்டு. பிஜித் தீவில் மெதடிஸ்ட் மிஷனரியாயிருந்த ஜே. டபிள்யூ. பர்ட்டன், இந்திய ஒப்பந்தத் தொழிலாளரின் இழிநிலையைத் தம் நூலில் 1910இல் வெளிப்படுத்தினார். சி. எப். ஆண்ட்ரூஸ் 1915இலும் 1917இலும் பிஜிக்குச் சென்று கண்டவற்றை உலகறியச் செய்தார். ஒப்பந்தக் கூலிக்கு ஆள் சேர்ப்பது 1917இல் நின்றது. எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நீக்கப்பட்டன. நாவல் மருத்துவரும் திரைப்பட மருத்துவரும் ஆக இருவருமே நம் வரலாற்றில் உள்ளனர். ஒருவரை மட்டும் நம்முடையவர் என்று உரிமை கொண்டாடி, மற்றவரை அவதூறு என்று தள்ளுதல் உண்மையாகாது. எந்த மருத்துவர் நம் சபையில் இன்று வளர்கிறார் என்பதே கேள்வி.

7. கையெழுத்தைக் குலைத்தல்

இந்நாவலைப் படித்து முடித்தபின் நம் மனத்தைவிட்டு அகலாதது கடனேடு. கருப்பன் போன்றோர் எழுத்தறியாதவர். ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களால் படிக்க இயலாது; அதற்கு அடியில் கைநாட்டு வைக்க மட்டுமே இயலும். தம் வாழ்வைக் கட்டும் எழுத்து தமக்கே மறைபொருளாயிருப்பது எத்துணைக் கொடுமை!

லாபானிடம் வேலை செய்த யாக்கோபு, தன் சம்பளம் பத்துமுறை மாற்றப்பட்டதாக முறையிட்டான் (ஆதி. 31:7). உறவினன் வீட்டில் பிழைக்கச் சென்று, முன்சொன்ன வாக்கு மாற, ஆண்டுகள் இரட்டித்த புலம்பெயர் தொழிலாளி அவன். மல்கியா தீர்க்கரோ கூலிக்காரனின் கூலியை அபகரிப்போரையும் பரதேசியின் வழக்கைப் புரட்டுவோரையும் ஒரே மூச்சில் கண்டிக்கிறார் (3:5). கூலியும் பரதேசமும் சேருமிடத்தில் அநீதி எளிதாகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். ஏழாம் ஆண்டு விடுதலையும் (உபா. 15) யூபிலி ஆண்டும் (லேவி. 25) கடனுக்கு ஒரு முடிவு வேண்டும் என்னும் கடவுளின் ஏற்பாடுகள். முடிவில்லாத கடன் எகிப்துக்குத் திரும்பும் பாதை.

இப்பின்னணியில் கொலோசெயர் 2:14ஐ மீண்டும் வாசிப்போம். நமக்கு எதிரிடையாயிருந்த கையெழுத்தைக் கிறிஸ்து குலைத்துச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று அங்கே கூறப்படுகிறது. மூலமொழியில் அச்சொல் கடன்பட்டவன் எழுதித்தரும் பத்திரத்தைக் குறிக்கும். பாவக்கடன் என்னும் உருவகமாக மட்டுமே இதை நாம் விளக்கி வந்தோம். உருவகம் தவறன்று, ஆனால் உருவகம் எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அவ்விடத்தை மறந்துவிடுதல் தவறு. கைநாட்டு வைத்தவனுக்கு இவ்வசனம் உருவகமன்று. தன் பெயருள்ள ஏடு கிழிக்கப்படும் நாளை அவன் உண்மையாகவே எதிர்நோக்கியிருந்தான். சிலுவையைக் கடனேட்டின்மேல் அறையப்பட்டதாகக் கண்ட திருச்சபை, கடனேடு எழுதுவோரோடு சமாதானமாக இருக்க இயலாது. கூலிக்கணக்கைப் பற்றிப் பேசுவது அரசியல், பாவமன்னிப்பைப் பற்றிப் பேசுவது ஆவிக்குரியது என்று பிரிப்போர் இவ்வசனத்தை எவ்விதம் பிரிப்பார்கள்?

8. முடிவுரை: நாம் இன்று எங்கே நிற்கிறோம்?

கருப்பன் வள்ளி கதை முடிந்துபோன காலத்துக் கதை என்று நூலை மூடிவைக்கலாம். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது. கொத்தடிமை முறை 1976இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மாநிலம் விட்டு மாநிலம் சென்று உழைப்போருக்கென 1979இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. இவை பெரும் பேறுகள். பலருடைய போராட்டத்தால் வந்தவை. ஆயினும் 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் நாம் கண்டது என்ன? கூலியும் உணவும் இன்றி இலட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலைகளில் நடந்தனர். மே 8ஆம் நாள் மகாராஷ்டிர மாநிலத்தில் அவுரங்காபாத் அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்தில் உறங்கிய 16 தொழிலாளர் மீது சரக்கு இரயில் ஏறிற்று. ஊர் திரும்பவேண்டும் என்னும் கருப்பனின் ஏக்கமே அவர்களையும் நடத்திச் சென்றது.

மற்றுமொரு மாற்றத்தையும் நாம் கவனித்தல் வேண்டும். வால்பாறைத் தோட்டங்களில் முன்னைய தொழிலாளரின் பிள்ளைகள் பலர் சமவெளிக்கு இறங்கிவிட்டனர். அவர்கள் விட்ட வேலைக்கு இன்று அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலிலும் நகரங்களின் கட்டடப் பணியிலும் வடமாநிலத்தார் உழைக்கின்றனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் நாம் பிழைக்கச் சென்றவர்கள். இன்று பிழைக்க வருவோரை ஏற்பவர்கள். பரதேசியை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் பரதேசியாயிருந்தாய் என்னும் கருத்தில் அமைந்த கட்டளை (யாத். 22:21) இப்பொழுது நேராக நம்மை நோக்கியே வருகிறது. அவர்களை ‘இந்திக்காரப் பையன்கள்’ என்று சுட்டும்போது நம் நாவில் பேசுவது யார்? முன்பு நம்மவரை ஒரு பொதுப்பெயரால் அழைத்த துரை அல்லவா?

இறுதியாக ஆயர்களும் இறையியல் மாணவரும் சிந்திக்கும்படி மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, நம் ஆலயங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் கட்டுமானப் பணிகளை நோக்குவோம். ஒப்பந்தக்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணுகிறோம். அங்கே உழைப்போர் எந்த ஊரார், முன்பணக் கடன் உண்டா, கூலி ஒழுங்காகக் கைக்குச் சேருகிறதா, இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று சபைக்கமிட்டி கேட்பதுண்டா? பொழுது போகுமுன் கூலியைக் கொடுக்கவேண்டும் என்று உபாகமம் (24:15) கட்டளையிடும்போது இடைத்தரகர் என்னும் விலக்கை அது வைக்கவில்லை. அநீதியால் தன் வீட்டைக் கட்டுகிறவனுக்கு எரேமியா உரைத்த ஐயோ (22:13) ஆண்டவரின் வீட்டைக் கட்டுவோருக்குப் பொருந்தாது என்று எண்ணுவதற்கு இடமில்லை.

இரண்டாவது, அத்தொழிலாளர் பலர் கிறிஸ்தவராயினும் அல்லராயினும் நம் சபைகளின் எல்லைக்குள்ளேயே வாழ்கின்றனர். நோயிலும் விபத்திலும் மொழி தெரியாமல் மருத்துவமனை வாசலில் நிற்கின்றனர். அவர்களுக்காகப் பேசவும் எழுதவும் ஒருவரையாவது ஒவ்வொரு சபையும் அமர்த்தலாம். அவர்களை எண்ணிக்கைக்காகச் சேர்க்கும் முயற்சியாக இது ஆகிவிடாதபடி எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். பசித்தவனின் பசியைத் தன் பட்டியலுக்குப் பயன்படுத்துகிறவன், எந்தப் பெயரால் செய்தாலும், மேஸ்திரியே.

மூன்றாவது, ‘எரியும் பனிக்காடு’ நம் கல்லூரிகளில் யாத்திராகமத்தோடு சேர்த்துப் படிக்கப்படல் நலம். குறைகள் உள்ள நாவல்தான். ஆனால் கேட்பாரற்றவர் சொன்னதைக் கேட்டு, மாற்றாமல் எழுதிவைத்தவரின் நாவல். மலையில் இருந்த அக்கால் நூற்றாண்டில் அந்த மருத்துவர் மருந்து கொடுத்ததோடு நின்றிருந்தாலும் நாம் அவரைப் போற்றியிருப்போம். அவர் செவியையும் கொடுத்தார். நம் பிரசங்க பீடங்களுக்கு இன்று குறைவாயிருப்பது குரலன்று, செவியே. கருப்பனின் கைநாட்டுக்கு மேல் எழுதப்பட்டிருந்ததை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்ட அன்று ஒருவரும் இல்லை. இன்று நம் வாசலில் சாரம் கட்டி நிற்பவனுக்கு அதைப் படித்துக் காட்ட நாம் ஆயத்தமா?